பாரும் கோடும்: மன்னார்க் கடல் எல்லை வரலாற்றில் ஓர் ஆய்வு

கடலில் எல்லை வகுத்தல் அரசியலார் செயல் என்றே பலரும் கருதுவர். ஆயின், மன்னார்க் குடாக்கடல், பாக்கு நீரிணை ஆகியவற்றின் வரலாற்றை நோக்குவார்க்கு, அங்கு எல்லையெனும் எண்ணத்தை முதற்கண் தோற்றுவித்தவை சிப்பியும் சங்குமே என்பது புலனாகும். உயிர்ப்பொருள் கருதித் தோன்றிய எல்லை, பிற்காலத்தில் அவ்வுயிர்ப்பொருளையே மறந்த வரலாறு இக்கட்டுரையில் ஆராயப்படுகின்றது.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். முத்துச்சிப்பி பற்றி வாழும் கடலடிப் பாறைத் திட்டினைப் பரதவர் 'பார்' என வழங்குவர். தூத்துக்குடிக் கடலில் தோலாயிரம் பார் உண்டு; இலங்கைப் பக்கத்தில் பெரிய பார், மோதரகம் பார் என்பன உண்டு. ஆங்கிலேய அலுவலர் தம் அறிக்கைகளில் இச்சொல்லை மொழிபெயர்க்காது அவ்வாறே எழுதினர். முத்துக்குளிப்பைக் குறிக்கும் 'சலாபம்' என்னும் சொல்லும் இரு கரைக்கும் பொது. அரசுகள் பலவாயினும் தொழில்மொழி ஒன்றாகவே இருந்தது என்பதற்கு இவை சான்று.

கொற்கை முத்தின் தொன்மை தமிழறிந்தார் யாவரும் அறிந்ததே; அதனை ஈண்டு விரிக்க வேண்டுவதில்லை. போர்ச்சுகீசியர் 1560 இல் மன்னாரில் கோட்டை அமைத்தனர். 1658 இல் மன்னாரும் தூத்துக்குடியும் ஒல்லாந்தர் கைப்பட்டன. எனினும் மதுரை நாயக்கரும் சேதுபதிகளும் குறித்த எண்ணிக்கையில் 'கற்களை', அஃதாவது கல் கட்டி மூழ்குவாரை, வரியின்றி இறக்கும் உரிமை பெற்றிருந்தனர். கடலைப் பரப்பால் பகுக்காமல் மூழ்குவோர் எண்ணிக்கையால் பகுத்த இம்முறை தனியே ஆராயத்தக்கது.

1796 இல் இலங்கையின் கரைநாடு ஆங்கிலேயர் வசமாயிற்று. 1802 இல் இலங்கை முடியாட்சிக் குடியேற்ற நாடாகச் சென்னையினின்று தனிப்பட்டது. இவ்வாறு ஒரே பேரரசின் இரண்டு அலுவலகங்களுக்கிடையே பார்கள் பிரிந்தன. பார்களோ கரையினின்று பல மைல் அப்பால் உள்ளவை. மூன்று மைல் என்ற கடல் எல்லை வழக்கு அவற்றை எட்டாது. ஆயினும் பார்களின் மேல் திரியும் படகுகளைப் பற்றிக்கொள்ளும் சட்டம் 1811 இல் இலங்கையில் இயற்றப்பட்டது. பேரிங் கடலின் மென்மயிர்க் கடல்நாய்களைக் குறித்து அமெரிக்காவும் பிரிட்டனும் 1893 இல் நடுவர் மன்றத்தில் வழக்காடியபோது, இலங்கை முத்துச் சட்டங்களும் மேற்கோளாகக் காட்டப்பட்டன. மன்னார்ச் சிப்பி உலகக் கடற்சட்ட வரலாற்றிலும் இடம்பெற்ற செய்தி நம் வரலாற்று நூல்களில் போதிய இடம் பெறவில்லை.

அக்காலத்தே காப்பும் ஒருவாறு இருந்தது. சலாபத்துக்கு முன்னர் அலுவலர் பார்களைச் சென்று கண்டு, மாதிரிச் சிப்பி எடுத்து, அகவையும் முத்தும் மதிப்பிடுவர். இளஞ்சிப்பியாயின் சலாபம் திறவார். சங்குத் தொழிலிலும், அளவு வளையத்தினுள் நுழையும் சிறு சங்கு மீண்டும் கடலிலேயே விடப்பட்டது. இதனை இயற்கைப் பாதுகாப்பு எனப் போற்றுதல் மிகையாகும். விளையாத கதிரை அறுக்க மறுக்கும் உழவனின் கணக்கே அது. ஆயினும் கணக்கு ஒன்று இருந்தது. அக்கணக்கும் 1905 இன் பெருஞ்சலாபத்துக்குப் பின் தளர்ந்தது. 1906 இல் இலங்கைப் பார்கள் ஒரு குழுமத்துக்குக் குத்தகையாக விடப்பட்டன. சில ஆண்டுகளிலேயே விளைவு பொய்த்தது.

பேராசிரியர் ஹெர்ட்மன் 1902 இல் இலங்கைப் பார்களை ஆராய வந்தார். உடன் வந்த ஜேம்ஸ் ஹார்னெல் பின்னர்ச் சென்னை மாகாண மீன்துறையில் பணியாற்றி, அதன் தலைமையும் ஏற்றார். இரு கரைப் பார்களையும் ஒருவரே நேரில் அறிந்திருந்த நிலை அக்காலத்தில் வாய்த்தது. அதன் பயன் சிறிதன்று. சிப்பியின் குஞ்சு ஏறக்குறைய மூன்று வாரம் நீரோட்டத்தில் மிதந்தே பாறை பற்றும். ஆதலின் ஒரு கரைப் பாரின் வழித்தோன்றல் மறுகரையில் குடியேறுதலும் கூடும். இலங்கையில் 1925 க்குப் பின் பெருஞ்சலாபம் இல்லை. தூத்துக்குடியில் 1955 முதல் 1961 வரை ஆண்டுதோறும் நிகழ்ந்து அதுவும் நின்றது.

கோட்டின் வரலாறு இதனோடு பிணைந்தது. 1921 இல் சென்னை, இலங்கை அரசுகளின் சார்பாளர் கொழும்பில் கூடி மீன்வள எல்லை ஒன்றை வரைந்தனர். அது மீன்வளத்துக்கான கோடு, நாட்டெல்லைக் கோடன்று. 1974 ஆம் ஆண்டு ஒப்பந்தம் பாக்கு நீரிணையிலும், 1976 ஆம் ஆண்டு ஒப்பந்தம் மன்னார்க் குடாவிலும் நாட்டெல்லையை நிறுவின. கச்சத்தீவு குறித்து எழுதியோர் பலர். 1974 ஒப்பந்தத்தின் ஏழாம் பிரிவைக் கருதியோர் சிலரே. எண்ணெய், எரிவளி, மணல், சரளைக்கல் முதலியவற்றின் படிவு கோட்டின் இருபுறமும் பரந்திருப்பின், இரு நாடும் கலந்து உடன்பாடு காண முயல வேண்டும் என்பது அப்பிரிவு. அசையாத மணலுக்கு இவ்வேற்பாடு செய்தோர், கோட்டைக் கடந்து நீந்தும் உயிர்க்கும் இருபுறமும் பரந்து வளரும் கடற்புல்லுக்கும் அத்தகைய பிரிவொன்றை எழுதவில்லை. 1976 இல் பரிமாறிய கடிதங்கள் மீனவர் அனுமதியின்றி மறுபுறம் சென்று மீன்பிடித்தலை விலக்கின. அவர்கள் தேடிச் செல்லும் மீனைப் பற்றிப் பேசவில்லை.

இவ்விடைவெளியில் இழுவைமடி புகுந்தது. கடலடியை வாரும் அம்மடி புல்லையும் சங்கையும் பிரித்தறியாது. 2009 இல் போர் முடிந்து கடலுக்கு மீண்ட வட இலங்கை மீனவர் தம் வலைகள் இழுவைப் படகுகளால் அறுபடக் கண்டனர். தமிழகக் கரையிலோ சிறைப்பட்டோர்க்கும் உயிரிழந்தோர்க்கும் குடும்பங்கள் அழுதன. இருவர் மொழியும் ஒன்றே. துயரும் ஏறக்குறைய ஒன்றே. இலங்கை 2017 இல் இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தது. அவ்வாண்டிலேயே பாக்கு நீரிணை இழுவைப் படகுகளை ஆழ்கடல் தூண்டில் படகுகளாக மாற்றும் திட்டம் தமிழகத்தில் தொடங்கிற்று, மாறியவை சிலவே.

காப்புச் சட்டங்கள் இல்லாமல் இல்லை. கடற்பசுவை இலங்கை 1970 இலும் இந்தியா 1972 இலும் சட்டத்தால் காத்தன. மன்னார்க் குடாத் தேசியப் பூங்கா 1986 இலும், கற்பிட்டிக்கு அப்பாலுள்ள பவளப்பாறைச் சரணாலயம் 1992 இலும் அமைந்தன. 2022 இல் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டர் கடற்பசுக் காப்பகமாயிற்று. இவை யாவும் தத்தம் பக்கத்துக் காப்புகளே. 2016 இல் நிறுவிய இரு நாட்டுக் கூட்டுப் பணிக்குழுவின் கூட்டங்களிலும் மீனவர் சிறைப்படுதலும் படகுகளை மீட்டலுமே முதன்மை பெறுகின்றன.

இரு கரையினரும் ஓராண்டில், ஒரே முறையில், பழைய பார்களைச் சென்று கண்டு சிப்பி, சங்கு, கடற்புல் ஆகியவற்றைக் கணக்கெடுத்தல் இயலாத செயலன்று. எப்பார் எங்குள்ளது, எவ்வாண்டு அதில் என்ன காணப்பட்டது என்பன ஹெர்ட்மன் அறிக்கையின் ஐந்து தொகுதிகளிலும் ஹார்னெல் எழுதியவற்றிலும் அச்சேறியுள்ளன. அவற்றுள் பார்களின் பெயர்கள் தமிழிலேயே நிற்கின்றன.