உவர்நீரும் கலத்தின் விறைப்பும்

தம்பலகாமத்தின் ஒருபுறத்தில் கந்தளாய்க் குளத்து நீர் பாயும் நெல்வயல்கள். மறுபுறத்தில் குடாக்கடலின் உவர்நீர். அந்நீர் விளிம்பிலே கண்டல் மரங்கள். உவர் ஏறிய வயலில் நெற்பயிர் நுனி கருகிக் குன்றிவிடும். கண்டலோ அந்த உவரிலேயே வேரூன்றி இலை பசந்து நிற்கின்றது. இரண்டும் நீரை உறிஞ்சுவன. இரண்டுக்கும் பொற்றாசியம் முதலிய கனியுப்புக்கள் வேண்டும். அவ்வாறாயின் வேறுபாடு எங்கே பிறந்தது? இவ்வினாவைத் தெளிவுபடுத்தவே ஏறத்தாழ இரண்டரை நூற்றாண்டு சென்றது.

1727இல் ஆங்கிலப் பாதிரியார் ஸ்தீபன் ஹேல்ஸ், வெட்டிய திராட்சைக் கொடியின் அடிக்கட்டையில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, வேர் நீரை மேலே தள்ளும் வலிமையை அளந்தார். அவ்வலிமையின் பிறப்பிடம் அவர் காலத்தில் விளங்கவில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சியரான டுட்ரோசே, ஐதான கரைசலிலிருந்து செறிந்த கரைசலை நோக்கி மென்சவ்வினூடே நீர் செல்வதை ஆராய்ந்தார். பிரசாரணம் என்பது இதுவே. 1877இல் ஜெர்மானியரான பெவ்வர், நுண்டுளைகளுள்ள மட்கலத்தில் செயற்கைச் சவ்வொன்றை அமைத்து, சீனிக் கரைசல் உண்டாக்கும் அமுக்கத்தை அளந்துவிட்டார். அந்த அளவுகளைக் கொண்டே வான்ற் ஹொவ் தம் விதியை வகுத்தார். 1901இல் இரசாயனத்துக்கான முதல் நோபல் பரிசும் பெற்றார். மட்பாண்டம் ஒன்றில் தொடங்கிய ஆராய்ச்சிக்கு இது சிறிய பேறன்று.

உட்புகுந்த நீர் கலத்தின் சுவரை நெருக்குகின்றது. சுவர் எதிர்த்து நெருக்குகின்றது. இதனால் எழும் விறைப்பே வீக்கவமுக்கம். நீர் செல்லும் வழியே உப்பும் இழுபட்டுச் செல்லும் என்று எண்ணுவது எளிது. கண்டல் அதனை மறுக்கின்றது. கடல்நீரின் பிரசாரண அமுக்கம் ஏறத்தாழ 25 வளிமண்டலம். 1965இல் ஷொலாண்டரும் துணைவரும், வெட்டிய கிளையை அமுக்க அறையில் வைத்து அளந்தபோது, கண்டலின் காழிலுள்ள சாறு அதனினும் மிக்க இழுவிசையில் நின்றது. கடலுக்குள்ளே நின்று தாகத்தால் வருந்தும் மரம் என்று இதனைக் கூறினும் மிகையாகாது. உப்பை விலக்கும் இனங்களில், வேர் உப்பின் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிட்டு நீரை உள்ளே விடுகின்றது.

அமுக்கம் உப்பின் புகவையும் ஆளுமா? 1968இல் அமெரிக்கரான கட்னெக்ட், வலோனியா என்னும் கடற்பாசியை எடுத்துக்கொண்டார். கோலிக்குண்டு போன்ற அது முழுவதும் ஒரே கலம். அதன் உட்சாற்றின் அமுக்கத்தைச் சிறிதளவு உயர்த்தியதும் பொற்றாசியம் உட்செல்வது குறைந்தது. எனவே விறைப்புத் தளர்ந்தால் உப்பு ஏற்றப்படும். அதனைப் பின்பற்றி நீர் வரும். விறைப்பு மீண்டதும் ஏற்றம் தணியும். கலம் தன் அமுக்கத்தைத் தானே உணர்ந்து வாயிலைக் காக்கின்றது எனலாம்.

நெல்லுக்கு இவ்வாற்றல் கடலளவு உவருக்குப் போதாது. மண்ணின் நீர் உவர்க்கும்போது வேர்க்கலங்களின் விறைப்புத் தளர்கின்றது. பொற்றாசியம் வேண்டிய வேளையில் சோடியம் பெருகிவந்து அதன் இடத்தை நெருக்குகின்றது. குளத்து நன்னீர் வயலில் தேங்கி, உவரைக் கரைத்துக்கொண்டு வடிந்த பின்னரே அவ்வேர்கள் மறுபடியும் நீரை எளிதிற் பெறுகின்றன.