முதலில் காகிதம், பிறகு துணி

2020 மார்ச் மாதம் ஒரு நாள் இரவு என் பேத்தி விடுதியிலிருந்து போன் செய்தாள். "தாத்தா, நாளைக்கே காலி பண்ணச் சொல்லிட்டாங்க. எதை எடுக்கறது, எதை விடறதுன்னே தெரியல" என்று அழுகிற குரலில் சொன்னாள். "முதல்ல காகிதம், அப்புறம் துணி" என்றேன். அந்த வாசகம் என்னுடையதல்ல. எங்கள் சொல்தா மாமாவுடையது. 1965-இல் அவர் அதைச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

அரசியல் சட்டம் ஆங்கிலத்துக்குக் கொடுத்த 15 ஆண்டு அவகாசம் 1965 ஜனவரி 26-ஆம் தேதி முடிந்தது. அன்று முதல் இந்திதான் ஆட்சிமொழி என்ற நிலையில், சென்னை மாநிலம் முழுவதும் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மறுநாள், 27-ஆம் தேதி, சிதம்பரத்தில் ஊர்வலம் போன அண்ணாமலைப் பல்கலைக்கழக மாணவர்கள் மீது போலீஸ் சுட்டது. ராஜேந்திரன் என்ற மாணவர் இறந்தார்.

என் அத்தை மகன் அப்போது அங்கே விடுதியில் தங்கி பி.எஸ்சி. கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தார். செய்தி புதுச்சேரிக்கு வந்ததும் அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டார். கல்லூரிகளை மூடிவிட்டார்கள், பிள்ளைகள் ஊருக்குப் போகவேண்டுமாம் என்று அடுத்த தகவல் வந்தது. ரயிலை நம்ப முடியாது, பஸ்ஸையும் நம்ப முடியாது.

மாமா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து இந்தோசீனா போரைப் பார்த்து பென்ஷன் வாங்கியவர். எங்கள் ஊரில் இப்படிப்பட்டவர்களைச் 'சொல்தா' என்போம். விடியற்காலையில் ஒரு வாடகைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தி, துணைக்கு என்னையும் ஏறச் சொன்னார். எனக்குப் பதினைந்து வயது.

முள்ளோடையைத் தாண்டியதும் சென்னை மாநிலப் போலீஸ் காரை நிறுத்தியது. கலவரத்துக்காக என்று பயந்தேன். அவர்கள் தேடியது பாட்டிலை! அங்கே மதுவிலக்கு, எங்கள் ஊரில் கிடையாது. ஊரே பற்றி எரியும்போதும் அந்தச் சோதனை மட்டும் நிற்கவில்லை.

கடலூர் தாண்டி, வெள்ளாற்றைக் கடந்து, ஏறக்குறைய 65 கிலோமீட்டர் போய்ச் சேர்ந்தோம். விடுதித் தாழ்வாரம் முழுக்கப் பெட்டியும் படுக்கைச் சுருளுமாகக் கிடந்தன. அத்தான் மட்டும் எதையும் கட்டாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

"எங்ககூட நடந்தவன் செத்திருக்கான். நான் கார்ல ஏறி வீட்டுக்குப் போறதா?" என்றார்.

மாமா கோபப்படவில்லை. "இங்க இருந்து என்ன செய்யப் போற? மெஸ்ஸும் இல்ல, தண்ணியும் இல்ல. உயிரோட இருந்தாத்தான் நாளைக்கும் கேக்க முடியும். உங்கம்மா நேத்துலேருந்து சாப்பிடல" என்றார். பிறகு என்னைப் பார்த்து, "வீத்! வீத்!" என்றார். சீக்கிரம் என்று அர்த்தம். "முதல்ல காகிதம், அப்புறம் துணி. துணியை வாங்கிக்கலாம், சர்ட்டிபிகேட்டை வாங்க முடியாது."

பத்தே நிமிடத்தில் கட்டி முடித்தார். சான்றிதழ்கள், ரிக்கார்டு நோட்டுகள், கட்டணம் கட்டிய ரசீதுகள் எல்லாம் ஒரு துண்டில் சுற்றி என் மடிக்கு வந்தன. அந்தக் கட்டணத்துக்காக அத்தை தன் வளையலை அடகு வைத்திருந்தார்.

அத்தான் கடைசியில் எழுந்தார். ஆனால் ஒரு நிபந்தனை. அறைத் தோழர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். கிடைத்த லாரியில் தோள்பையோடு போய்விட்டார். அவருடைய தகரப் பெட்டி கட்டிலுக்கு அடியில் இருந்தது. "இதையும் எடுத்தாத்தான் வருவேன்" என்றார். மாமா மறுபேச்சு இல்லாமல் அதைத் தூக்கினார். இடம் போதாமல் எங்கள் படுக்கைச் சுருளைத்தான் விட்டுவிட்டு வந்தோம்.

அந்தப் பெட்டி எங்கள் பாட்டியின் கட்டிலுக்கு அடியில் இருந்தது. யாரும் திறக்கவில்லை. கல்லூரி திறந்தபோது அத்தான் அதைக் கொண்டுபோய் உரியவரிடம் சேர்த்தார்.

வீட்டில் அடைபட்டிருந்த அந்த நாட்களில் அத்தானுக்கு இன்னொரு அதிர்ச்சி. நான் படித்தது பிரெஞ்சுப் பள்ளி. லுவார் நதி எங்கே புறப்படுகிறது என்று சொல்வேன். தமிழில் ஒரு பக்கம் பிழையில்லாமல் எழுத வராது. "இதுக்காகத்தான்டா அங்க ஒருத்தன் செத்தான்" என்று சொல்லி, தினமும் ஒரு மணி நேரம் உட்கார வைத்தார். ர, ற வேறுபாடு, ஒற்று மிகும் இடம் எல்லாம் அவர் சொல்லிக்கொடுத்ததுதான்.

பிப்ரவரி 11-ஆம் தேதி பிரதமர் சாஸ்திரி வானொலியில் பேசினார். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்றார். 1967-இல் ஆட்சிமொழிச் சட்டத் திருத்தம் வந்தது. அதற்குள் அரசுக் கணக்கிலேயே சுமார் 70 உயிர்கள் போயிருந்தன.

அதே 1965-இல்தான் புதுச்சேரி ஆட்சிமொழிச் சட்டமும் வந்தது. தமிழ் ஆட்சிமொழி, மாஹேயில் மலையாளம், ஏனாமில் தெலுங்கு, ஆங்கிலமும் தொடரலாம். இந்தியாவும் பிரான்சும் 1956-இல் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி பிரெஞ்சுக்கும் இடம் இருந்தது. பின்னாளில் நான் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது, பழைய பிரெஞ்சுப் பதிவேடுகளைப் படிக்கத் தெரியும் என்றுதான் அந்த மேசையில் உட்கார வைத்தார்கள். ஆனால் பிறப்புச் சான்று கேட்டு வரும் பாட்டிக்கு, அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தமிழில் எழுதிக்கொடுக்கவும் என்னால் முடிந்தது. அது அத்தான் போட்ட பிச்சை.

மாமாவும் இல்லை, அத்தானும் இப்போது இல்லை. பேத்தி அன்று காகிதங்களோடு பத்திரமாக வந்து சேர்ந்தாள்.

ஒன்று மட்டும் அவ்வப்போது தோன்றும். அத்தானின் பெட்டியை எடுக்க நாங்கள் போனோம். அறைத் தோழரின் பெட்டியையும் எடுத்தோம். ராஜேந்திரனின் பெட்டியை எடுக்கவும் அவர் வீட்டிலிருந்து யாரோ வந்திருப்பார்கள். அவர்கள் எதை முதலில் எடுத்திருப்பார்கள்?