எருப்பாத்தியில் விளைந்த வாதம்

இயற்கை வேளாண்மையின் வரலாற்றை எழுதுகிறவர்கள் வழக்கமாக இந்தூரில் தொடங்குவார்கள். ஆல்பர்ட் ஹோவர்ட் அங்கே வகுத்த மட்கு உர முறை, அதைப் பற்றி 1931இல் வந்த நூல், பிறகு 1940இல் வந்த புகழ்பெற்ற நூல் என்று கதை நகரும். கோயம்புத்தூருக்கு அதில் இடம் கிடைப்பது அரிது. ஆனால், எருவிட்டு விளைந்த தானியம் தின்பவரின் உடம்புக்கும் நல்லது என்று இங்கிலாந்தில் சிலர் வாதாடத் தொடங்கியபோது, அவர்கள் கையில் இருந்த ஆய்வுச் சான்றுகளில் முக்கியமான ஒன்று கொங்கு மண்ணிலிருந்து போனது.

சென்னை சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் கல்லூரி 1906இல் கோயம்புத்தூருக்கு மாறியது. மூன்று ஆண்டுகள் கழித்து, 1909இல், அங்கே ஒரு நிரந்தர உரச் சோதனை தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் ராதம்ஸ்டெட்டில் 1843 முதல் நடந்துவந்த கோதுமைச் சோதனை இவ்வகை ஆய்வுகளுக்கு முன்னோடி. ஏற்பாடு எளிமையானது. ஒரு பாத்திக்கு எதுவும் இடுவதில்லை. ஒன்றுக்குத் தழைச்சத்து மட்டும், ஒன்றுக்கு மணிச்சத்து மட்டும், ஒன்றுக்குச் சாம்பல்சத்து மட்டும். இன்னும் சிலவற்றுக்கு இவற்றைக் கூட்டிக் கலந்து இடுவார்கள். ஒன்றுக்குத் தொழுவுரம். எந்தப் பாத்திக்கு எதுவோ, ஆண்டுதோறும் அதுவேதான். ஆளும் அரசும் மாறினாலும் உரம் மாறக்கூடாது. அவசரக்காரர்களால் இப்படி ஒரு சோதனையை நடத்த முடியாது.

கோயம்புத்தூரில் அப்போது பணியாற்றிய வேளாண் வேதியியலாளர் பி. விஸ்வநாத். மலைமேல் குன்னூரில் ராபர்ட் மெக்காரிசன் என்ற ராணுவ மருத்துவர், எலிகளுக்கும் புறாக்களுக்கும் விதவிதமான உணவு கொடுத்து ஊட்டக்குறை நோய்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். ‘வைட்டமின்’ என்ற பெயர் பிறந்தே 1912இல்தான். அதைக் கருவியால் அளக்க அப்போது வழியில்லை. தானியத்தைப் பிராணிக்குத் தின்னக் கொடுத்து, அது வளர்கிறதா, நலிகிறதா என்று பார்ப்பதே அளவுகோல். வெவ்வேறு உரமிட்டு விளைந்த சிறுதானியத்தையும் கோதுமையையும் இப்படிச் சோதித்து, இருவரும் 1926இல் கட்டுரை வெளியிட்டார்கள். தொழுவுரத்தில் விளைந்த தானியத்துக்கு, ரசாயன உரத்தில் விளைந்ததைவிட ஊட்டம் கூடுதல் என்பது அவர்கள் கண்ட முடிவு.

கட்டுத்தரைக் குப்பையை வண்டி கட்டி அடித்த குடியானவருக்கு இது புதிய செய்தி அல்ல. பட்டி போட்ட காட்டின் விளைச்சல் அவருக்குத் தெரியும். ஏரி வண்டல், கொழிஞ்சி, எருக்கந்தழை என்று மண்ணுக்கு என்னென்ன இடலாம் என்பதும் தெரியும். இந்திய விவசாயிக்குக் கற்றுக்கொடுக்க லண்டனிலிருந்து வந்த வேதியியலாளர் ஜான் அகஸ்டஸ் வோல்க்கரே, இங்குள்ள சிறந்த உழவர் சராசரி பிரிட்டிஷ் விவசாயிக்குக் குறைந்தவர் அல்ல என்று 1893இல் வந்த தம் அறிக்கையில் எழுதினார். ஆனால் உழவரின் அனுபவம் லண்டன் மேடையில் செல்லாது. ஆய்விதழில் அச்சேறிய கட்டுரை செல்லும்.

செல்லவும் செய்தது. 1939 மார்ச்சில் செஷையர் மாவட்ட மருத்துவர்கள் க்ரூ நகரில் கூட்டிய கூட்டத்தில் ஹோவர்டும் மெக்காரிசனும் ஒரே மேடையில் பேசினார்கள். நோய்க்குக் காரணம் உணவில், உணவின் தரம் மண்ணில் என்பதுதான் அங்கே முன்வைக்கப்பட்ட வாதம். அடுத்த ஆண்டு நார்த்போர்ன் பிரபு தம் நூலில் ‘ஆர்கானிக்’ வேளாண்மை என்ற பெயரைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். 1943இல் ஈவ் பால்ஃபர் மண்ணின் உயிர்ப்பைப் பற்றி நூல் எழுதினார். 1946இல் அங்கே மண் சங்கமே அமைந்துவிட்டது.

அந்த 1926 முடிவை வேதவாக்காகத் தூக்கிப் பிடிப்பது நியாயமில்லை. மாதிரிகள் குறைவு, அளக்கும் முறையும் முரடானது. பால்ஃபரின் ஹாலி பண்ணையில் முப்பது ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்தும், ஊட்டத்தைப் பற்றி வாதத்தை முடித்துவைக்கும் விடை கிடைக்கவில்லை. மண்ணைப் பற்றிய செய்திக்குத்தான் வலு அதிகம். தழைச்சத்தை மட்டும் ஆண்டுதோறும் கொட்டினால் பயிர் மற்ற சத்துகளை மண்ணிலிருந்து உறிஞ்சித் தீர்க்கும். சில காலம் கழித்து மகசூல் சரியும். தொழுவுரத்தில் எல்லாச் சத்தும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. அதோடு மண்ணில் மட்குப் பொருளைக் கூட்டி, ஈரத்தைப் பிடித்துவைத்து, நுண்ணுயிர்களுக்கும் அது தீனி போடுகிறது. அதே சமயம், எருவும் சமச்சீரான ரசாயன உரமும் சேரும்போது மகசூல் நன்றாக வருவதை இந்தியாவின் நீண்டகாலச் சோதனைகள் பல காட்டியிருக்கின்றன. இரண்டு கட்சிக்கும் முழு வெற்றி இல்லை.

விஸ்வநாத் பிறகு, இன்று இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் எனப்படும் இம்பீரியல் வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்துக்கு முதல் இந்திய இயக்குநரானார். முப்பது ஆண்டுகளுக்குப் பின் அதே நிறுவனத்திலிருந்துதான் உரத்தை அள்ளிக் குடிக்கும் குட்டைக் கோதுமை நாடெங்கும் பரவியது. வரலாற்றுக்கு இப்படிப்பட்ட குறும்பு உண்டு.

எருவின் அருமையில் இன்று யாருக்கும் சந்தேகமில்லை. சிக்கல் கணக்கில் இருக்கிறது. ஹெக்டேருக்கு 12.5 டன் தொழுவுரம் இடச் சொல்கிறது கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பரிந்துரை, ஏக்கருக்கு ஐந்து டன். உழவு மாட்டின் இடத்தில் டிராக்டர் நிற்கும் ஊரில் அத்தனை சாணத்துக்கு எங்கே போவது? வோல்க்கர் காலத்திலும் இதே நெருக்கடிதான், காரணம்தான் வேறு. விறகு கிடைக்காமல் சாணத்தை வறட்டியாக்கி எரிக்கிறார்கள் என்று கண்ட அவர், வயல்களுக்கு அருகே விறகுத் தோப்பு வளர்க்கச் சொன்னார். வேதியியலாளர் ஒருவர் உரத்துக்கு எழுதிய மருந்துச்சீட்டில் முதல் வரி மரம்.