கைவிளக்கில் பெரிய எல்.இ.டி. பொருத்துதல்

கைவிளக்கில் பெரிய எல்.இ.டி. பொருத்துதல் என்பது, டார்ச் லைட் எனப் பரவலாக அழைக்கப்படும் கைவிளக்கிலிருந்து பழைய மின்குமிழையோ சிறிய ஒளியுமிழ் இருமுனையத்தையோ (எல்.இ.டி.) அகற்றிவிட்டு, அதைவிடப் பெரிய உமிழ்பரப்புடைய எல்.இ.டி. ஒன்றை இடுவதும், அதற்கேற்ப எதிரொளிப்பானையும் வில்லையையும் திருத்தியமைப்பதும் ஆகும். அரம், உப்புத்தாள், சால்டரிங் கருவி ஆகியவற்றைக் கொண்டு இதனை வீட்டிலேயே செய்ய இயலும். இரவில் வயலுக்குச் செல்வோரும் அடிக்கடி புயலை எதிர்கொள்வோரும் வாழும் விழுப்புரம், திண்டிவனம் போன்ற பகுதிகளில் கைவிளக்கின் ஒளி எவ்வாறு பரவுகிறது என்பது நடைமுறை முக்கியத்துவம் கொண்டது.

பெரிய எல்.இ.டி. பொருத்தினால் ஒளி அதிகத் தொலைவுக்குச் செல்லும் என்பது பரவலான ஒரு தவறான கருத்தாகும். பெரும்பாலும் ஒளி அகலமாகுமே தவிர, தொலைவு கூடுவதில்லை.

ஒளியியல் அடிப்படை

ஒரு கைவிளக்கின் ஒளிக்கற்றையினுடைய நடுப்பகுதியின் செறிவை இரண்டு காரணிகள் தீர்மானிக்கின்றன. ஒன்று, உமிழ்பரப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரும் எவ்வளவு பொலிவுடன் ஒளிர்கிறது என்பது. மற்றொன்று, எதிரொளிப்பான் அல்லது வில்லையின் முகப்புப் பரப்பு. உமிழ்பரப்பின் மொத்த அளவு இக்கணக்கில் வருவதில்லை. அது கற்றையின் அகலத்தையே மாற்றுகிறது.

எடுத்துக்காட்டாக, 20 மி.மீ. குவியத் தூரமுள்ள குவிவில்லையின் குவியத்தில் 1 மி.மீ. பக்கமுள்ள சதுர உமிழ்பரப்பு வைக்கப்பட்டால், 50 மீட்டர் தொலைவில் ஏறத்தாழ 2.5 மீட்டர் அகலமுள்ள ஒளிச்சதுரம் விழும். 2 மி.மீ. பக்கமுள்ள உமிழ்பரப்பு வைக்கப்பட்டால் அது 5 மீட்டர் ஆகும். வடிவொத்த முக்கோணங்களைக் கொண்டு இதைக் கணக்கிடலாம். பரப்பு நான்கு மடங்காவதால், கூடுதலாகக் கிடைக்கும் ஒளி அப்பரப்பு முழுவதும் பகிரப்பட்டுவிடுகிறது.

க்ரீ நிறுவனம் 2006 இல் வெளியிட்ட எக்ஸ்ஆர்-ஈ என்ற எல்.இ.டி.யின் சில்லு ஏறத்தாழ 1 மி.மீ. பக்கமுடையது. அதே நிறுவனம் 2010 இன் இறுதியில் அறிவித்த எக்ஸ்எம்-எல் என்பதன் சில்லு ஏறத்தாழ 2 மி.மீ. பக்கமுடையது. முன்னது 1 ஆம்பியரில் 200 லூமென் அளவிலும், பின்னது 3 ஆம்பியரில் 1000 லூமென் அளவிலும் ஒளி தரக்கூடியவை. லூமென் ஐந்து மடங்காக இருப்பினும், ஒரு சதுர மில்லிமீட்டருக்கான ஒளி பெரிதும் மாறவில்லை என்பதைக் காணலாம்.

அமெரிக்காவில் 2009 இல் வெளியான எஃப்எல் 1 என்ற தரநிலை, ஒளி 0.25 லக்ஸாகக் குறையும் தொலைவை விளக்கின் வீச்சு என வரையறுக்கிறது. இதன்படி 10,000 கேண்டெலா செறிவுள்ள விளக்கின் வீச்சு 200 மீட்டர் ஆகும். வீச்சை இருமடங்காக்கச் செறிவை நான்கு மடங்காக்க வேண்டும். அதற்கு எதிரொளிப்பானின் விட்டத்தை இருமடங்காக்குவதே எளிய வழி. அதனாலேயே தேடுவிளக்குகள் பெரிய முகப்புடன் செய்யப்படுகின்றன.

எதிரொளிப்பானைத் திருத்துதல்

பழைய பித்தளை டார்ச்களின் எதிரொளிப்பான், இழை மின்குமிழுக்காக வடிவமைக்கப்பட்டது. இழை எல்லாத் திசைகளிலும் ஒளிரும். எல்.இ.டி.யோ முன்புற அரைக்கோளத்தில் மட்டுமே ஒளிரும். எனவே மின்குமிழ் இருந்த இடத்தில் எல்.இ.டி.யை முன்னோக்கி வைத்தால், குவியத்துக்குப் பின்னால் உள்ள எதிரொளிப்பான் பகுதி வீணாகிறது. ஆழமான எதிரொளிப்பானில் உமிழியை அடிப்பகுதிக்கு அருகே வைப்பதே எல்.இ.டி.க்கு ஏற்றது.

எல்.இ.டி. விளக்குகளில் முதற்சிக்கல் அடித்துளையின் அளவாகும். எக்ஸ்எம்-எல் உறை 5 மி.மீ. பக்கமுள்ள சதுரம். அதன் மூலைவிட்டம் 7 மி.மீ.க்குச் சற்று அதிகம். 3.45 மி.மீ. பக்கமுள்ள உறைக்கெனச் செய்யப்பட்ட துளையில் அது நுழையாமல் போகலாம். அப்போது வட்ட அரத்தைப் பின்புறத்திலிருந்து செலுத்தித் துளை பெரிதாக்கப்படுகிறது. உட்புறப் பூச்சு மிக மெல்லிய அலுமினியப் படலம் என்பதால், விரல் பட்டாலும் துணியால் துடைத்தாலும் கெட்டுவிடும். தூசியைக் காற்றூதியே அகற்ற வேண்டும். அரத்தைப் பயன்படுத்தும் முன்னர் உட்புறத்தைத் தாளால் அடைத்துவிடுவது நல்லது.

அடுத்தது குவியம். உமிழ்பரப்பு பரவளையத்தின் குவியத்திலிருந்து ஒரு மில்லிமீட்டரின் சிறு பகுதி விலகினாலும் கற்றை சிதைகிறது. நடுவில் இருளும் சுற்றிலும் வளையமும் தோன்றுவது (வடையைப் போன்ற தோற்றம்) இதன் அடையாளம். எதிரொளிப்பானை உயர்த்த மெல்லிய வாஷர்களும், தாழ்த்த அதன் அடியைச் சமதளத்தில் வைத்த உப்புத்தாளில் தேய்ப்பதும் பயன்படுகின்றன. தேய்த்ததை மீட்க முடியாது என்பதால் சிறிது சிறிதாகத் தேய்த்து, 5 மீட்டருக்கு அப்பால் உள்ள சுவரில் ஒவ்வொரு முறையும் சோதிக்க வேண்டும். அருகிலுள்ள சுவரில் சோதிப்பது தவறான முடிவைத் தரும்.

உலோக எதிரொளிப்பான் எல்.இ.டி.யின் மின்முனைகளைத் தொட்டால் குறுக்குச் சுற்று ஏற்படும். இடையில் நெகிழி வளையமோ வெப்பம் தாங்கும் காப்பு நாடாவோ இடுவது கட்டாயம்.

வில்லை உள்ள விளக்குகள்

முன்தலையை இழுத்து ஒளியைக் குவிக்கும் விளக்குகளில் துளைச் சிக்கல் இல்லை. குவித்த நிலையில் சில்லின் சதுர உருவமே சுவரில் தெரியும். பெரிய சில்லு பெரிய சதுரத்தைத் தரும். முழு அக எதிரொளிப்பு முறையில் இயங்கும் நெகிழி வில்லைகளை அரத்தால் திருத்த இயலாது. புதிய எல்.இ.டி.க்கு ஏற்ற வில்லையையே வாங்க வேண்டும்.

மின்சாரமும் வெப்பமும்

எக்ஸ்எம்-எல் 3 ஆம்பியரில் ஏறத்தாழ 10 வாட் மின்திறனை எடுக்கும். அதில் பாதிக்கு மேல் வெப்பமாகிறது. எல்.இ.டி. ஒட்டப்பட்ட அலுமினியப் பலகை, வெப்பப் பசையின் வழியாக விளக்கின் உலோக உடலை இறுகத் தொட வேண்டும். நெகிழி உடலுள்ள விளக்குகளில் வெப்பம் வெளியேற வழியில்லை. அவற்றில் பெரிய எல்.இ.டி.யை முழு மின்னோட்டத்தில் இயக்குவது அதைக் கருக்குவதற்கு ஒப்பாகும்.

இந்தியச் சந்தையில் விற்கும் மலிவான மின்னேற்ற டார்ச்கள் பலவற்றில் 4 வோல்ட் ஈய-அமில மின்கலம் உள்ளது. மின்மாற்றிக்குப் பதிலாக ஒரு மின்தேக்கி 230 வோல்ட் மின்சாரத்தை மட்டுப்படுத்துகிறது. இவ்வமைப்பு வீட்டு மின்னிணைப்பிலிருந்து பிரிக்கப்படாதது. ஆகவே விளக்கு செருகப்பட்டிருக்கும்போது உள்ளே எந்தப் பாகத்தைத் தொட்டாலும் உயிராபத்து நேரலாம். திருத்தத்தின்போது மட்டுமன்றி, உடைந்த உடலுடன் மின்னேற்றும்போதும் இவ்வாபத்து உண்டு.

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரம்

நெல், கரும்பு, நிலக்கடலை விளையும் இவ்வட்டாரத்தில் மின்மோட்டாரை இயக்கவும் மடை திருப்பவும் விவசாயிகள் இரவில் வயலுக்குச் செல்வதுண்டு. 2008 ஐ அடுத்த ஆண்டுகளில் தமிழ்நாட்டில் நிலவிய மின்பற்றாக்குறையின்போது இத்தேவை மிகுந்திருந்தது. வரப்பில் நடப்பவருக்கு 200 மீட்டர் வீச்சால் பயனில்லை. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. காலடியிலும் அடுத்த சில மீட்டரிலும் பரவலாக விழும் ஒளியே அதனைக் காட்டும். இதற்குப் பெரிய உமிழி ஏற்றது. மாறாக, ஏரிக்கரையின் மறுமுனையைப் பார்க்கச் சிறிய உமிழியும் பெரிய முகப்பும் வேண்டும்.

புயற்காலத்தில் தேவை வேறு. 2011 டிசம்பர் 30 அன்று கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த தானே புயலுக்குப் பின் பல ஊர்களில் நாட்கணக்கில் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த பெஞ்சல் புயலின்போது, திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் ஏறத்தாழ 50 செ.மீ. மழை பெய்தது. இத்தகைய நாட்களில் 2600 மில்லி ஆம்பியர் மணி கொள்ளளவுள்ள ஒரு லித்தியம் மின்கலம், 10 வாட் விளக்கை ஒரு மணி நேரம்கூட எரிக்காது. அதே மின்கலம் 0.3 வாட்டில் 30 மணி நேரம் எரிக்கும். ஓர் அறைக்கு 30 லூமென் போதுமானது. எல்.இ.டி.களின் திறன் குறைந்த மின்னோட்டத்தில் உயர்வதால், இந்த 0.3 வாட்டில் சிறிய சில்லைவிடப் பெரிய சில்லு சற்று அதிக ஒளி தரும். விற்பனைப் பெட்டிகளில் அச்சிடப்படும் அதிகபட்ச லூமென் எண்ணிலிருந்து இதனை அறிய முடியாது.