படத்தைச் சொல்லிக் கேட்ட துணி

மான்செஸ்டர் ஆலைத் துணி இந்தியச் சந்தையில் வந்து குவிந்த காலத்தில், அதற்கு அடையாளம் மடிப்பின் முகப்பில் ஒட்டியிருந்த வண்ணப் படம்தான். கிருஷ்ணர், லட்சுமி, யானை, புலி என்று விதவிதமாக இருக்கும். ஆங்கிலப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கத் தேவையில்லை. போன தடவை வாங்கிய படத்தைச் சொன்னால் அதே தரத்துத் துணி கைக்கு வரும். வியாபாரிகள் இதை 'டிக்கட்' என்றார்கள். ராலி பிரதர்ஸ் போன்ற பெரிய கம்பெனிகளின் டிக்கட்டுகளை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடித் தேடி வாங்குகிறார்கள்.

படம் களவுபோனால் வியாபாரமே போய்விடும். வணிகக் குறிகளைப் பதிவுசெய்ய பிரிட்டன் 1875இல் சட்டம் போட்டது. போலிக் குறிகளைத் தடுக்கும் சட்டம் இந்தியாவில் 1889இல் வந்தது.

படத்தையே கடைக்கு அடையாளமாக்கும் இந்த வழக்கத்தின் வேர் லண்டனில் இருக்கிறது. வீடுகளுக்கு இலக்கம் இல்லாத காலத்தில், கடை வாசலில் தொங்கிய பலகைப் படம்தான் விலாசம். அதையே செப்புத் தகட்டில் செதுக்கி, தாளில் அச்சிட்டு வாடிக்கையாளருக்குக் கொடுத்தார்கள். பின்புறத்தில் கணக்கும் எழுதிக் கொடுப்பார்கள். பின்னாளில் பெரும் ஓவியராகப் புகழ்பெற்ற வில்லியம் ஹோகார்த், 1720இல் செதுக்குத் தொழில் தொடங்கியபோது தனக்கென்று இப்படியொரு அட்டை செய்துகொண்டார்.

வண்ணத்தைக் கொண்டுவந்தது கல்லச்சு. ஒரு நிறத்துக்கு ஒரு கல். பத்து நிறம் என்றால் அதே தாள் பத்துத் தடவை அச்சேற வேண்டும். மயிரிழை விலகினாலும் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் ஏறிவிடும். கைக்குள் அடங்கும் ஒரு துண்டுத் தாளுக்குள் இருந்த உழைப்பு அவ்வளவு!

தமிழ்நாட்டில் இந்தக் கலை வேர்விட்டது தீப்பெட்டியில். சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922இல் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினார்கள். பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். ஊர் அச்சு நகரமானது இப்படித்தான். பிறகு கோவில்பட்டி கொண்டையராஜுவும் அவருடைய மாணவர்களும் வரைந்த சாமி படங்கள் கலண்டர்களில் ஏறின. மேலே முருகன், கீழே கடைப் பெயர். வருடம் முழுக்க வீட்டுச் சுவரில் நிற்கும் விளம்பரம் அது.

யாழ்ப்பாணத்துக் கடைகளும் புதுவருடத்துக்குக் கலண்டர் கொடுத்தே வந்தன. ஆனால் அங்குள்ள கடலோர ஊரான மயிலிட்டியில் அவற்றைத் தேடுவது எளிதல்ல. போரால் 1990இல் இடம்பெயர்ந்த அவ்வூர் மக்களுக்கு, இராணுவத்தின் பிடியிலிருந்த துறைமுகமும் 54 ஏக்கர் நிலமும் 2017 ஜூலையில்தான் திரும்பக் கிடைத்தன. 27 ஆண்டு ஆளில்லாத வீட்டில் தாள் தங்குமா?

இறந்தவர் நினைவாக வெளியிடும் கல்வெட்டுப் புத்தகத்தைப் பத்திரப்படுத்தும் சமூகம் இது. கடை நோட்டீசையும் சுருட்டு லேபிளையும் அப்படி யாரும் எடுத்து வைப்பதில்லை. அது பெரிய இழப்பு. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களோடு நினைவு மலர்களையும் மின்வடிவில் சேர்த்துவருகிறது. ஊரைவிட்டுப் போன குடும்பங்களின் பெட்டிகளில் ஒரு பழைய கலண்டர் அட்டை கிடந்தாலும் அதையும் அங்கே சேர்க்கலாம். எந்தக் கடை, எந்த அச்சகம், எந்த ஆண்டு என்ற மூன்றையும் அந்த ஒரே தாள் சொல்லிவிடும்.