அத்தை தயாரித்த அட்டவணை

கல்யாணம் ஆகாத அத்தைகளுக்கு நம் குடும்பங்களில் ஒரே மாதிரிதான் சான்றிதழ் கொடுப்போம்: "பாவம், எங்களுக்காகவே வாழ்ந்தா." கரோலின் ஹெர்ஷலைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாக்கியத்தின் மேல் கோபம் வரும். அவர் செய்தது அத்தனையும் அதில் காணாமல் போய்விடுகிறது.

1750இல் ஜெர்மனியின் ஹனோவரில் பிறந்தவர். பட்டாளத்து வாத்தியக்காரரின் மகள். சின்ன வயதில் அம்மை, பத்து வயதில் டைபஸ் காய்ச்சல். உயரம் நாலேகால் அடியோடு நின்றுவிட்டது. அழகும் இல்லை, சொத்தும் இல்லை, கல்யாணத்தை எதிர்பார்க்காதே என்று அப்பாவே சொல்லிவிட்டார். அம்மாவுக்கோ வீட்டு வேலைக்கு ஒரு ஆள் வேண்டும். 1772இல் அண்ணன் வில்லியம், வேலைக்காரி வைத்துக்கொள்ள அம்மாவுக்குப் பணம் தர ஒப்புக்கொண்டு, தங்கச்சியை இங்கிலாந்துக்குக் கூட்டிப்போனார்.

அங்கே பாட்டு கற்று மேடையேறினார் கரோலின். அண்ணனுக்கு வானியல் பித்துப் பிடித்ததும் பாட்டு போயிற்று. தொலைநோக்கிக்கான உலோக ஆடியை அண்ணன் கையெடுக்காமல் தேய்த்துக்கொண்டிருக்க, தங்கச்சி சோறூட்டினார். ராத்திரியில் அண்ணன் பார்த்துச் சொல்லச் சொல்ல எழுதினார். பகலில் உட்கார்ந்து கணக்குப் போட்டார். 1786க்கும் 1797க்கும் இடையில் தானே எட்டு வால்நட்சத்திரங்களைக் கண்டார். 1787 முதல் அரசர் ஆண்டுக்கு 50 பவுண்டு சம்பளம் கொடுத்தார். தன் இஷ்டப்படி செலவழிக்க முதன்முதலாகக் கையில் வந்த காசு அது.

மறுவருஷம் அண்ணனுக்குக் கல்யாணம். வீட்டுப் பொறுப்பு அண்ணி கைக்குப் போக, கரோலின் தனி ஜாகைக்கு மாறினார். அதற்குப் பிந்தைய சுமார் பத்து வருஷ நாட்குறிப்புகளை அவரே அழித்துவிட்டார். நம் வீட்டு அத்தைகளும் இப்படி எதையெல்லாமோ கிழித்துப் போட்டிருப்பார்கள். ஆனால் 1792இல் பிறந்த அண்ணன் மகன் ஜான் மேல் அத்தைக்கு உயிர்.

1822இல் வில்லியம் இறந்ததும், 72 வயதில் ஹனோவருக்கே திரும்பினார் கரோலின். சுற்றியிருந்த வீடுகளின் கூரைகள் வானத்தை மறைத்தன. இங்கிலாந்தில் ஜான், அப்பா கண்ட நெபுலாக்களைத் திரும்பப் பார்க்கத் தொடங்கியிருந்தார். அதில் ஒரு சிக்கல். வில்லியம் அவற்றை ஒளி, அளவு போன்ற தன்மைகளை வைத்து வகை பிரித்திருந்தார். தொலைநோக்கியோ வானத்தைப் பட்டை பட்டையாகத் துழாவும். இன்று ராத்திரி இந்தப் பட்டையில் என்னென்ன வரும் என்று தெரிந்தாக வேண்டும். எழுபதுகளில் இருந்த அத்தை சுமார் 2,500 நெபுலாக்களையும் விண்மீன் கொத்துகளையும் வடதுருவத்திலிருந்து உள்ள தூரப்படி மண்டலம் மண்டலமாக வரிசைப்படுத்தி அண்ணன் மகனுக்கு அனுப்பினார். அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் ஜான் வானத்தைத் துழாவினார்.

அதற்காக 1828இல் லண்டன் வானியல் சங்கம் தங்கப் பதக்கம் கொடுத்தது. அடுத்து ஒரு பெண்ணுக்கு, வேரா ரூபினுக்கு, அது கிடைத்தது 1996இல். 1848இல், 97 வயதில், கரோலின் இறந்தார்.

பாசம் இல்லாமல் இவ்வளவும் செய்திருக்க முடியாது, உண்மை. ஆனால் பாசத்தால் மட்டும் துருவ தூரத்தைக் கணக்கிட முடியாது. ஜானின் பட்டியல்கள் வளர்ந்துதான் 1888இல் என்ஜிசி பட்டியல் ஆனது; இன்றைய வானியல் செயலிகளிலும் அந்த எண்கள்தான். உங்கள் போனில் என்ஜிசி 253 என்று தேடிப் பாருங்கள். ஒரு விண்மீன் மண்டலம் வரும். 1783இல் அதை முதலில் பார்த்தது இந்த அத்தைதான்.