மாயாவி திறந்த வாசல்



1972ஆம் ஆண்டு சனவரியில் முத்து காமிக்ஸின் முதல் இதழாக 'இரும்புக்கை மாயாவி' வெளிவந்தது. 1962இல் பிரித்தானிய 'வேலியண்ட்' வார இதழில் தொடங்கிய படக்கதையின் தமிழாக்கம் அது. மின்சாரம் பாய்ந்தால் நாயகனின் உடல் மறையும். இரும்புக்கை மட்டும் தெரியும். அறிவியல் குறைவு, கற்பனை மிகுதி. ஆயினும் ஆய்வுக்கூடக் கதையைத் தமிழில் சுவைபடச் சொல்லலாம் என அது மெய்ப்பித்தது.

பெரியவர்களுக்கான படக்கதை அதனினும் தொலைவு சென்றுள்ளது. சப்பானிய ஓவியர் மக்கோத்தோ யுக்கிமுரா 1999 முதல் 2004 வரை படைத்த 'பிளானெட்டெஸ்' தொடரின் நாயகர்கள், விண்வெளிக் குப்பையை அகற்றும் தொழிலாளர்கள். நொடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர் விரையும் சிறு திருகாணி மோதினும் விண்கலம் சிதையும் என்னும் இயற்பியல் உண்மையே அக்கதைக்கு அச்சாணி.

நெகிரி செம்பிலான் தோட்டங்களில் பால்மரம் சீவியோரின் வழித்தோன்றல்களுக்கு அவ்வுழைப்பாளிகள் அயலார் அல்லர். அவர்தம் கதையைத் தமிழில் சொல்லச் சொற்கள் வேண்டும். 2003 முதல் தமிழ்ப்பள்ளிகளிலும் அறிவியல் ஆங்கிலத்தில் கற்பிக்கப்பட்டது. அக்கொள்கையைக் கைவிட 2009இல் அரசு முடிவெடுத்தது. பாடமொழியை அரசாணை மீட்கும். அறிவியலைத் தமிழில் எண்ணும் பழக்கத்தை வாசிப்பே மீட்கும். படக்கதை ஏந்தும் பிள்ளையை இனியும் கடிந்துகொள்ளலாமா? சிந்திப்போம்.